கலம்காரிக் கோடு பரவினால்

நகரியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான், துணியில் கையால் படம் வரையும் கலம்காரி வேலை செய்கிறேன். கொஞ்ச நாளாகக் கறுப்புக் கோடு துணியில் நிற்கவே இல்லை. கிளி மூக்கு வரைந்தால் வாத்து மூக்காகப் பரவியது. முதலில் மையைத்தான் சந்தேகப்பட்டேன். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் கிடந்து வாரக்கணக்கில் புளித்த மை. துணியில் ஏற்றியிருந்த கடுக்காயின் துவர்ப்பு பட்டதும் நன்றாகவே கறுத்தது. சரி, மையில் குறையில்லை.

காளஹஸ்தியில் இந்த வேலையிலேயே ஊறிய ஒரு பெரியவரிடம் துணியைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கெட் பாலா, பாபு?" என்றார். வரையும் முன் துணியை நனைக்கக் கடுக்காய்ப் பொடியோடு எருமைப்பால் சேர்ப்பதே அதன் கொழுப்புக்காகத்தான். அதுதான் மையைப் பரவவிடாமல் பிடிக்கிறது. நான் வாங்கிய பாலில் கொழுப்பு 3 சதவீதம். எருமைப்பாலில் பொதுவாக 6-க்கு மேல்.

அப்புறம் எதிர்வீட்டு அத்தையிடம் கறந்த எருமைப்பால் வாங்கினேன். காடாத்துணியின் கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பாலில் நனைத்து, இறுகப் பிழிந்து, நல்ல வெயிலில் காயப்போட்டேன். பிழிவதில்தான் விஷயமே இருக்கிறது. பால் ஒரு பக்கமாகத் தேங்கினால் துணி திட்டுத்திட்டாகிவிடும். இப்போது இறகுக்குள் போடும் மெல்லிய கோடுகூடத் தனித்தனியாக நிற்கிறது. பால் வாடையைப் போக்கத்தான் வழியில்லை, துணியை அலசும்வரை வீட்டில் திட்டு வாங்க வேண்டியதுதான்.