லிம்ஃபோமா நோயாளியின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6: எலைசா முறையில் அளப்பது எப்படி?

நிணநீர் மண்டலப் புற்றுநோயான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவின் கட்டியில் புற்றுச் செல்கள் மிகச் சொற்பமே. பெரும்பகுதி, அவை ஈர்த்துச் சேர்த்த அழற்சிச் செல்கள்தான். இச்செல்கள் ஒன்றையொன்று இயக்கச் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களே சைட்டோகைன்கள். அவற்றுள் ஒன்றான இன்டர்லூக்கின்-6, நோயாளியை வாட்டும் காய்ச்சலுக்குப் பெரிதும் காரணமாகிறது. கல்லீரலைத் தூண்டி, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவை உயர்த்துவதும் அதுவே. அதன் அளவை ஆன்டிபாடிகளின் உதவியால் நிறமாற்றமாகக் காட்டும் சோதனையே எலைசா.

படி 1: மாதிரி எடுத்தல். ஸ்டீராய்டுகள் சைட்டோகைன் சுரப்பை அடக்கிவிடும் என்பதால், சிகிச்சைக்கு முந்தைய அளவு வேண்டுமெனில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டின் முதல் வேளை மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுங்கள். எடுத்த நேரத்தையும், நோய்த்தொற்று இருந்தால் அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

படி 2: சீரம் பிரித்தல். என் அனுபவத்தில் சோதனையின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது. உறைதல் தடுப்பான் இல்லாத குழாயை அறை வெப்பநிலையில் சுமார் 30 நிமிடம் நிமிர்த்தி வைத்து, இரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மணிக்கணக்கில் அப்படியே விட்டால், குழாய்க்குள் இருக்கும் வெள்ளணுக்களே சைட்டோகைனைச் சுரந்து, உடலில் இல்லாத அளவைக் காட்டிவிடக்கூடும். மேலே தெளியும் மஞ்சள் நிறச் சீரத்தைச் சிறு குழாய்களில் பகிர்ந்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

படி 3: தட்டில் சோதித்தல். 96 குழித் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி, இன்டர்லூக்கின்-6 புரதத்தைப் பிடித்துக்கொள்ள, நொதி இணைந்த இரண்டாம் ஆன்டிபாடி அதன்மேல் அமர்கிறது. அளவு தெரிந்த தரக் கரைசல்களையும் மாதிரிகளையும் இரண்டிரண்டு குழிகளில் இடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நன்கு கழுவித் தட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். நொதியால் நிறம் மாறும் டி.எம்.பி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் நீலம் பரவும். அமிலம் விட்டால் அது மஞ்சளாகும். உடனே நிறத்தின் அடர்த்தியை 450 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்துவிடுங்கள்.

படி 4: கணக்கிடுதல். தரக் கரைசல்களின் வளைகோட்டிலிருந்து மாதிரியின் அளவை, மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் எனக் கண்டறியுங்கள். வளைகோட்டின் உச்சியைத் தாண்டிய மாதிரியை ஊகத்தில் எழுதாமல், நீர்க்கச் செய்து மறுபடி சோதியுங்கள்.

படி 5: பொருள் கொள்ளுதல். சாதாரண நிமோனியாவிலும் இந்த அளவு ஏறும் என்பதால், இதை மட்டும் வைத்து லிம்ஃபோமா முற்றிவிட்டதென்று எழுதுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சைக்குப் பின் வரும் சைட்டோகைன் கொந்தளிப்புக்கு, அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற டோசிலிசுமாப் கொடுக்கப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அம்மருந்து இன்டர்லூக்கின்-6 சேரும் ஏற்பிகளை அடைத்துவிடுவதால், நோயாளி தேறி வரும்போதே இரத்தத்தில் புரதத்தின் அளவு உயரும். ஆகவே மருந்து கொடுத்த நேரத்தை முடிவுத்தாளிலேயே குறித்து மருத்துவரிடம் கொடுங்கள்.