ஹெர்மிஸ் வரை போய்வர எவ்வளவு வாயு? ரீப்ரீதர் சுழியோடிகளுக்கு ஒரு முதல் கணக்கு

மட்டக்களப்புக் கரைக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வெளியே, சுமார் 53 மீட்டர் ஆழத்தில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ரீப்ரீதர் பழகத் தொடங்கியவர்கள் பலரும் இந்தக் கப்பலைப் பற்றியே கேட்கிறார்கள். அதனால் இதையே உதாரணமாக வைத்து, வாயுத் திட்டத்தையும் கருவி பூட்டும் முறையையும் வரிசையாகச் சொல்கிறேன். இது பயிற்சி வகுப்புக்கு மாற்றல்ல. டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு) ரீப்ரீதர் பயிற்சியை முடிக்காதவர்கள் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள், போதும். உடலில் கரைந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் நின்று நின்று வர வேண்டும்; இங்கு வரும் அந்த நிறுத்த நேரங்கள் கணக்குக்காக நான் எழுதிக்கொண்டவை. அவற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

முதலில்: எதைக் கணக்கிடுகிறோம்?

சாதாரண ஸ்கூபாவில் மூச்சு விட்டால் வாயு குமிழியாகப் போய்விடும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு, 55 மீட்டரில் (53ஐக் கணக்குக்காக 55 என்று வைத்துக்கொள்கிறேன்; அழுத்தம் 6.5 பார்) நிமிடத்துக்கு 130 லிட்டர் செலவாகும். ரீப்ரீதரில் நாம் விட்ட மூச்சே சுற்றி வருகிறது. ஸ்க்ரப்பரில் உள்ள சோடா சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். உடல் எரித்த ஆக்சிஜனை மட்டும் இயந்திரம் திரும்பச் சேர்க்கும். அந்த ஆக்சிஜன் நிமிடத்துக்கு ஒரு லிட்டர், கொஞ்சம் உழைத்தால் ஒன்றரை லிட்டர். ஆழம் கூடினாலும் இந்த அளவு மாறாது.

அப்படியானால் திட்டம் எதற்கு? இயந்திரம் நின்றுபோகும் நேரத்துக்காக. அது நின்றுவிட்டால் குமிழி விடும் பழைய வழிக்கே திரும்ப வேண்டும். அப்போது அந்த 130 லிட்டர் கணக்கு மறுபடி உயிர்பெறும். ரீப்ரீதர் சுழியோடி சுமந்துபோகும் வாயுவில் பெரும்பகுதி அவர் சுவாசிக்காமலே திரும்பிக் கொண்டுவர வேண்டிய வாயு. ஆகவே திட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறோம்.

படி 1: டைலூயண்ட் தேர்வு

டைலூயண்ட் என்பது லூப்பை, அதாவது மூச்சு சுற்றி வரும் பாதையை, நிரப்பும் அடிப்படை வாயு. அதை இரண்டு கேள்விகளால் சோதியுங்கள்.

முதல் கேள்வி, அடித்தளத்தில் அதன் ஆக்சிஜன் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) என்ன? இயந்திரத்தின் செட்பாயிண்ட், அதாவது அது பிடித்து நிறுத்தும் ஆக்சிஜன் பகுதியழுத்தம், 1.3 பார் என்றால், டைலூயண்ட் அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். லூப்பில் ஆக்சிஜன் எகிறிவிட்டால் டைலூயண்டால் கழுவித்தான் இறக்குவோம். கழுவும் வாயுவே 1.3 தந்தால் என்ன பயன்? காற்று 55 மீட்டரில் 1.37 தரும், இந்தக் கேள்வியிலேயே அது தோற்றுவிடுகிறது. 18 சதவீத ஆக்சிஜன் உள்ள கலவை 1.17 தரும். நல்லது.

இரண்டாவது கேள்வி அடர்த்தி. இதைப் பல காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016இல் காவின் அந்தோணியும் சைமன் மிட்செலும், சுவாச வாயு லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டவே கூடாது என்று பரிந்துரைத்தார்கள். அடர்ந்த வாயுவை உள்ளே இழுத்து வெளியே தள்ள நுரையீரல் திணறும். கரியமில வாயு உடலிலேயே தங்கும். ஸ்க்ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் இது நடக்கும்.

கணக்கு எளிது. ஒரு பார் அழுத்தத்தில் ஆக்சிஜன் 1.43 கிராம், நைட்ரஜன் 1.25, ஹீலியம் வெறும் 0.18. ஒவ்வொன்றின் பகுதியழுத்தத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். 55 மீட்டரில் காற்று 8.4 கிராம். 18/45 டிரைமிக்ஸை (18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம்) டைலூயண்டாக வைத்து 1.3 செட்பாயிண்டில் ஓட்டினால் லூப்பில் சுமார் 5.3. தாங்கும், ஆனால் விளிம்பு. 18/50 என்றால் 5 கிராமுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையும் குறையும், ஆக்சிஜனையும் போதையூட்டும் வாயுவாக எண்ணினாலும் 23 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம்.

நான் 18/50 என்றே எழுதுவேன். ஹீலியம் விலையைச் சொல்லிக் காற்றோடு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டைலூயண்டுக்குத் தேவை 3 லிட்டர் சிலிண்டர் ஒன்று. 200 பாரில் அதன் ஹீலியம் 300 லிட்டர்தான். இதில் கஞ்சத்தனம் செய்பவர் எதற்காக இந்த விலையில் ஒரு இயந்திரம் வாங்கினாரோ!

படி 2: பெயில்அவுட் கணக்கு

பெயில்அவுட் என்பது இயந்திரம் நின்றதும் நாம் மாறிக்கொள்ளும் அவசர வாயு. இந்தக் கணக்குதான் கட்டுரையின் நெஞ்சுப்பகுதி. மெதுவாகப் படியுங்கள்.

ஆக மோசமான இடத்தில் ஆக மோசமான நேரத்தில் கோளாறு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 55 மீட்டர், அடித்தள நேரத்தின் கடைசி நிமிடம். கோளாறும் எளியதல்ல, உடலில் கரியமில வாயு ஏறிவிட்டது. இந்த நிலையில் மூச்சு நாய்போல இரைக்கும். அமைதியான நாளில் எடுத்த 15 அல்லது 18 லிட்டர் சுவாச வீதத்தை இங்கே போடுவது உங்களையே ஏமாற்றிக்கொள்வது. அடியில் 40 லிட்டர், ஏறும்போதும் ஆழமான நிறுத்தங்களிலும் 30, 21 மீட்டரிலிருந்து மேலே உள்ள நிறுத்தங்களில் 25 என்று நான் போடுகிறேன்.

ஆழத்துக்கான சிலிண்டர், 18/50:

அடியில் நிதானத்துக்கு வர 3 நிமிடம். 3 × 6.5 × 40 = 780 லிட்டர்.

55இலிருந்து 21 மீட்டர் வரை நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 4 நிமிடம். சராசரி ஆழம் 38 மீட்டர், அழுத்தம் 4.8 பார். 4 × 4.8 × 30 = 576 லிட்டர்.

27, 24 மீட்டர் நிறுத்தங்களுக்கு மொத்தம் 3 நிமிடம். 3 × 3.55 × 30, அதாவது சுமார் 320 லிட்டர்.

கூட்டினால் 1,676. 11 லிட்டர் சிலிண்டரில் இது 152 பார். 200 பார் நிரப்பியிருந்தால் 48 பார் மிஞ்சும். எனக்கு இது போதும், ஆனால் தாராளம் அல்ல. சிலிண்டர் 170 பாரில் வந்து சேர்ந்தால் அன்றைய அடித்தள நேரத்தைக் குறைப்பேன்.

21 மீட்டரிலிருந்து மேலே நைட்ராக்ஸ் 50 (பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன்). அங்கே அதன் ஆக்சிஜன் 1.55 பார், அதற்குக் கீழே அந்த ரெகுலேட்டரை வாயில் வைப்பது வலிப்பை அழைப்பது. மாதிரி அட்டவணை: 21இல் 2 நிமிடம், 18இல் 2, 15இல் 3, 12இல் 4, 9இல் 7, 6இல் 20. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிமிடத்தை அழுத்தத்தால் பெருக்கிக் கூட்டினால் 73.4 வருகிறது. அதை 25ஆல் பெருக்க 1,835 லிட்டர், 11 லிட்டர் சிலிண்டரில் 167 பார்.

ஆக, பக்கவாட்டில் 11 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டு. ஒரு குழுவாகப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கொன்று கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டாளி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பார், அவர் சிலிண்டர் முழுதாக இருக்கும் என்ற இரண்டு நம்பிக்கைகள் மேல் அந்தத் திட்டம் நிற்கிறது. ஹெர்மிஸின் மேல் நீரோட்டம் ஓடும் நாளில் இரண்டுமே கைவிடலாம். தொடக்க நிலையில் உங்கள் பெயில்அவுட்டை நீங்களே சுமங்கள்.

இன்னொன்று. பல இயந்திரங்களில் வாயில் இருக்கும் பெயில்அவுட் வால்வு, முதுகிலுள்ள 3 லிட்டர் டைலூயண்டோடு இணைந்திருக்கும். 55 மீட்டரில் 40 லிட்டர் வீதம் என்றால் நிமிடத்துக்கு 260 லிட்டர். 600 லிட்டர் உள்ள சிலிண்டர் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுமேல் தாங்கும், அதுவும் முழுதாக இருந்தால். சில மூச்சு எடுத்துத் தலை தெளிந்ததும் பக்கவாட்டுச் சிலிண்டருக்கு மாறிவிட வேண்டும்.

படி 3: மிச்சக் கணக்குகள்

இவை சுருக்கமானவை. ஆக்சிஜன்: 90 நிமிடத்துக்கு 1.5 வீதம் 135 லிட்டர்; 3 லிட்டர் சிலிண்டரில் 600 இருக்கிறது. டைலூயண்ட்: இறங்கும்போது லூப்பை நிரப்ப நாற்பது லிட்டருக்குள், அடியில் ஒருமுறை கழுவ 80 லிட்டர் வரை, மிதவை அங்கிக்குக் கொஞ்சம். மூளை நரம்பு மீதான ஆக்சிஜன் சுமை: 1.3 பாரில் ஒரு சுழியோட்டத்துக்கான வரம்பு 180 நிமிடம். 90 நிமிடம் போனால் பாதி.

படி 4: முந்தின இரவு, மேசை மேல்

பயணக் களைப்போடு ஸ்க்ரப்பர் நிரப்பாதீர்கள். என் கலத்தில் இரண்டரை கிலோ பிடிக்கும். சிறிது சிறிதாகக் கொட்டி, பக்கங்களில் தட்டித் தட்டி இறக்க வேண்டும், படி நெல் அளப்பதுபோல. தளர்வாக இருந்தால் வாயு ஒரு வாய்க்கால் கண்டுபிடித்து, சுண்ணாம்பைத் தொடாமலே மறுபக்கம் போய்விடும். மூடியைப் பூட்டியபின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக் கூடாது. நிரப்பிய தேதியையும் ஓடிய நிமிடங்களையும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். தயாரிப்பாளர் சொன்ன கால அளவே எல்லை. பாதி ஓடிய சுண்ணாம்பை வெளியே கொட்டித் திரும்ப அடைக்கக் கூடாது.

அடுத்து, லூப்பின் ஆக்சிஜனை அளக்கும் உணரிகளான ஆக்சிஜன் செல்கள் மூன்று. காற்றில் ஒவ்வொன்றின் மில்லிவோல்ட்டையும் குறியுங்கள், பொதுவாக 8.5 முதல் 14க்குள் இருக்கும். பின்பு தூய ஆக்சிஜனால் லூப்பை நிரப்பி மறுபடி பாருங்கள். காற்றில் 10 காட்டிய செல், ஆக்சிஜனில் 48ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 43 காட்டினால் அதற்கு வயதாகிவிட்டது.

செல்லைக் கழற்றி எறிய மனம் வராதவர்களுக்கு ஒரு சொல். இயந்திரம் மூன்றின் வாக்கெடுப்பில் பெரும்பான்மையை நம்புகிறது. ஒரே நாளில் வாங்கிய மூன்று செல்களில் இரண்டு ஒரே நேரத்தில் களைத்துப்போனால், நல்ல செல்லைத்தான் இயந்திரம் பொய்யன் என்று ஒதுக்கும். களைத்த செல் 1.1க்கு மேல் ஏறவே ஏறாது, இயந்திரமோ 1.3 வரட்டும் என்று ஆக்சிஜனைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அதனால் வெவ்வேறு மாதத்தில் வாங்குங்கள், ஆண்டு முடிந்ததும் மாற்றுங்கள்.

பிறகு பூட்டுதல். மூச்சின் திசையைக் காக்கும் காளான் வால்வுகள் இரண்டையும் குழாயில் ஊதியும் உறிஞ்சியும் சோதியுங்கள். ஒன்று மடங்கியிருந்தால் விட்ட மூச்சே திரும்பி வரும். அதன்பின் எதிர்மறை அழுத்தச் சோதனை: லூப்பிலுள்ள வாயுவை வாயால் உறிஞ்சி, வால்வை மூடி, குழாய்கள் சுருங்கியபடியே நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஸ்க்ரப்பர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழுவிக் காயவைத்து, காயவைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பூட்டினேன். குழாய்கள் மெல்ல விரிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. நேர்மறைச் சோதனை இதன் தலைகீழ்: வாயுவை ஊதி நிரப்பி, இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது.

ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே அளந்து, ஆக்சிஜன், ஹீலியம், அதிகபட்ச ஆழம், தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். நைட்ராக்ஸ் 50 மேல் ‘21’ என்ற எண், கூட்டாளி தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்கு இருக்கட்டும்.

படி 5: படகிலும் நீரிலும்

சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்து டிக் போடுங்கள். மனப்பாடம் என்று சொல்பவர்கள் அருகில் இருந்தால் இன்னும் சத்தமாகப் படியுங்கள். ஆக்சிஜன் வால்வு திறந்திருக்கிறதா? டைலூயண்ட்? இரண்டு பெயில்அவுட் ரெகுலேட்டரிலும் ஒரு மூச்சு எடுத்துப் பார்த்தீர்களா?

மூக்கை மூடி, திரையைப் பார்த்தபடி, உட்கார்ந்த நிலையில் 5 நிமிடம் லூப்பில் சுவாசியுங்கள். இயந்திரம் செட்பாயிண்டைப் பிடித்து நிறுத்துகிறதா என்பது இதில் தெரியும். ஆனால் ஸ்க்ரப்பர் பழுதை இந்த 5 நிமிடம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். உணராமலே தாண்டிவிடுகிறவர்கள் உண்டு என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அந்த உத்தரவாதம் முந்தின இரவு மேசை மேல்தான்.

0.7 செட்பாயிண்டில் இறங்குங்கள். 6 மீட்டரில் நின்று ஆக்சிஜனால் கழுவினால் மூன்று செல்லும் 1.6ஐ நெருங்க வேண்டும். 1.3இல் முட்டிக்கொண்டு நிற்கும் செல் இருந்தால் அன்றைக்குப் படகுக்குத் திரும்புங்கள். சரியாக இருந்தால், டைலூயண்டால் லூப்பைக் கழுவிய பிறகே கீழே போங்கள். தூய ஆக்சிஜனோடு அதற்குமேல் ஒரு மீட்டரும் இறங்கக் கூடாது.

அடியில் 1.3க்கு மாற்றியபின், கயிற்றை விட்டு விலகுமுன் ஒருமுறை டைலூயண்டால் கழுவுங்கள். 55 மீட்டரில் மூன்றும் 1.17ஐ ஒட்டி வர வேண்டும். கப்பலின் மேல்பகுதியில் நிற்கிறீர்கள் என்றால் அந்த ஆழத்தின் அழுத்தத்தை 0.18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எந்த செல் உண்மை சொல்கிறது என்று வாக்கெடுப்பில்லாமல் தெரிந்துகொள்ள இதுவே வழி. தலை கனக்கிறது, மூச்சு வாங்குகிறது, காரணமில்லாமல் பதற்றம் வருகிறது என்றால் ஆராய்ச்சி வேண்டாம். முதலில் பெயில்அவுட்டுக்கு மாறுங்கள், யோசனை அதன்பிறகு.

மேலே வந்ததும் பக்கவாட்டுச் சிலிண்டர்களின் அழுத்தத்தைக் குறித்துவையுங்கள். இரண்டும் ஏறக்குறைய 200இலேயே நிற்கும். அடுத்த நாளுக்கு அதே ஹீலியம். ஸ்க்ரப்பர் டேப்பில் இன்றைய நிமிடங்களைக் கூட்டி எழுதிவிட்டு, குழாய்களை நன்னீரில் கழுவித் தொங்கவிடுங்கள்.