வியர்வைப் பேட்ச்: ஒட்டுவது முதல் உப்புக் கணக்கு வரை

ஓடும்போது எவ்வளவு வியர்க்கிறது, அதில் எவ்வளவு உப்பு போகிறது என்று காட்ட, கையில் ஒட்டிக்கொள்ளும் சிறு பட்டைதான் வியர்வைப் பேட்ச். விளையாட்டு பான நிறுவனமான கேட்டரேட் 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜிஎக்ஸ் பேட்ச் போன்றவற்றில் பேட்டரி கிடையாது. தோலில் ஊறும் வியர்வை தன் அழுத்தத்தாலேயே மயிரிழை வாய்க்கால்களுக்குள் ஏறுகிறது. ஆரஞ்சு வாய்க்கால் நிரம்பிய தூரம் வியர்வையின் அளவு. மற்றொன்றில் ஊதா எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறதோ அவ்வளவு குளோரைடு, அதாவது உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கும் பொருள். அதை வைத்துத்தான் செல்போன் செயலி சோடியத்தைக் கணிக்கிறது.

பெரும்பாலும் கோளாறு ஒட்டும்போதே தொடங்கிவிடும். இடது முன்கையின் உட்பக்கத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை தேயுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். சன்ஸ்கிரீனோ தேங்காய் எண்ணெயோ இருந்தால் பசை பிடிக்காது; ஓரத்தில் வியர்வை கசியும், அளவு குறைவாகக் காட்டும். முடி அடர்த்தியாக இருந்தால் முந்தைய நாளே மழித்துவிடுங்கள். அன்றே மழித்தால் எரியும். வியர்க்கத் தொடங்கிய கையில் ஒட்டவே கூடாது.

ஓட்டம் முடிந்ததும் பேட்சைக் கழற்றாமல், நிழலில், ஃப்ளாஷ் இல்லாமல் அந்தச் செயலியில் படமெடுங்கள். ஆரஞ்சு வாய்க்கால் கடைசிவரை நிரம்பிவிட்டதா? அதன்பின் வடிந்தது கணக்கில் வரவில்லை. அடுத்த முறை ஓடும் நேரத்தைக் குறையுங்கள்.

கையின் ஓரிடத்தை வைத்து உடல் முழுவதையும் கணிக்கிறது பேட்ச். அதனால் முதல் சில தடவையாவது எடை மெஷினோடு ஒப்பிட்டே தீர வேண்டும். ஓடுமுன் சிறுநீர் கழித்து, உடையின்றி எடை பாருங்கள். முடிந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி. 62.4 கிலோ 61.2 ஆகி, இடையில் 500 மி.லி. குடித்திருந்தால் வியர்த்தது சுமார் 1.7 லிட்டர். 90 நிமிட ஓட்டம் என்றால் மணிக்கு 1.1 லிட்டர். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு கணக்கும் வெகுதூரம் விலகினால் எடை மெஷினை நம்புங்கள்.

லிட்டருக்கு 1000 மி.கி. சோடியம் என்று வந்தால் அது ஏறத்தாழ 2.5 கிராம் சமையல் உப்பு, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. பெரும்பகுதி அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே வந்துவிடும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அப்படி அதிகத் தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பேட்ச் என்ன காட்டினாலும் அடுத்த ஓட்டத்தில் தண்ணீரைக் குறையுங்கள்.