பூக்கோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடமாடுவது எப்படி?

பின்லாந்துக்கு வந்து சேரும் நம்மவர்கள் பலர் முதல் கோடையிலேயே பூக்கோ என்ற பின்லாந்துக் கத்தி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் வேலையிடத்தில் யாராவது பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு சாண்கூட வராத கத்தி, பிர்ச் மரப் பிடி, தோல் உறை. பார்க்க அழகுதான். ஆனால் இடுப்பில் குத்துகிறது, உட்கார்ந்தால் நழுவுகிறது என்று சீக்கிரமே அது சமையலறை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. கத்தி வாங்குவது பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு அதை உடம்போடு வைத்துக்கொண்டு நடக்க, குனிய, படகில் ஏற என்ன செய்யவேண்டும் என்பதுதான் இங்கே.

முதலில் சட்டம்

2003-இல் நடைமுறைக்கு வந்த பொது ஒழுங்குச் சட்டப்படி பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது. வேலைக்குத் தேவை என்றாலோ, ஏற்கத்தக்க வேறு காரணம் இருந்தாலோதான் விலக்கு. அலகு இத்தனை சென்டிமீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த அளவுக் கணக்கும் இங்கே கிடையாது. தற்காப்புக்கு என்று சொன்னால் காரியம் இன்னும் கெட்டுவிடும்.

ஆகவே தினமும் மாட்டுவது என்றால், கத்திக்கு வேலை இருக்கும் எல்லா நாளும் மாட்டுவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காளான் கூடை, தூண்டில், கோடைக்குடிலில் விறகு வேலை, தச்சு வேலை எல்லாம் நியாயமான காரணங்கள். செப்டம்பரில் கூடையோடு காட்டோரம் நடப்பவரின் பெல்ட்டில் கத்தி தொங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதே கத்தியோடு வெள்ளிக்கிழமை இரவு ஹெல்சிங்கி ரயில் நிலையத்தில் நின்றால் கதை வேறு. நூக்ஸியோ தேசியப் பூங்காவுக்குப் பேருந்தில் போகும்போது என் கத்தி உறையோடு பையின் அடியில் கிடக்கும். காட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் இடுப்புக்கு வரும். திரும்பும்போது மறுபடி பைக்குள்.

இந்தக் கெடுபிடிக்குப் பழைய கதையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தெற்குப் பொஹ்யன்மா வட்டாரத்தில் கல்யாண வீடுகளில் புகுந்து ரகளை செய்த முரடர்களுக்குப் பூக்கோயுங்க்கரி என்றே பெயர். அதே வட்டாரத்துக் கௌஹவா ஊர்தான் இன்றும் குதிரைத்தலைப் பிடி வைத்த பூக்கோவுக்குப் பேர்போனது. அங்கே ஈசக்கி யார்வென்பா நிறுவனம் 1879-இலிருந்து கத்தி செய்கிறது.

எந்தக் கத்தி?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலகு 7 முதல் 9 செ.மீ. இருந்தால் போதும். உங்கள் உள்ளங்கை அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நீளமானது கடை வெளிச்சத்தில் கம்பீரமாக இருக்கும், குனியும்போது தொடையில் இடிக்கும். குதிரைத்தலைப் பிடியும் தினசரிக்கு வேண்டாம், அந்த மூக்கு எல்லாத் துணியிலும் மாட்டும். மழை, மீன், உப்புநீர் என்று புழங்குபவர்கள் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். 1928-இல் ரொவானியமியில் தொடங்கிய மார்த்தீனி நிறுவனத்தில் அந்த வகை நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது கார்பன் எஃகு. கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், கறுத்துப் போனாலும் அதற்கென்று ஒரு களை இருக்கும்.

தோல் உறையோடு மல்லுக்கட்ட மனமில்லை என்றால் சுவீடன்காரர்களின் மோரா கத்தி போதும். பிளாஸ்டிக் உறை, குறைந்த விலை. பூக்கோ ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

உறை: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

பூக்கோ உறையில் பொத்தானும் இல்லை, பட்டையும் இல்லை. பிடியின் பாதிக்கு மேல் தோலுக்குள் இறங்கி, அந்த இறுக்கத்திலேயே கத்தி நிற்கிறது. இந்த இறுக்கத்தைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சோதனை: மெத்தைமேல் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கத்தி விழக்கூடாது. விழுந்தால் உறையின் வாய்ப்பகுதியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். கத்தி முழுவதையும், கூர்வாய்க்கு இரண்டு சுற்று கூடுதலாக, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். உள்ளே செருகி, பிடியைச் சுற்றித் தோலை விரலால் அழுத்தி உருக்கொடுங்கள். கத்தி உள்ளேயே இருக்க ஓர் இரவு அறை வெப்பத்தில் காயட்டும். அவசரப்பட்டு ஹீட்டர்மேலோ சவுனா அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால் தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும், அதற்கு மருந்தில்லை. மாறாக, புது உறை ரொம்ப இறுக்கமாக இருந்தால் எதுவுமே செய்யாதீர்கள். புழங்கப் புழங்கத் தானே இளகும். எண்ணெய் ஊற்றி இளக்கப் பார்த்தால் தோல் தொளதொளத்துப் பிடிப்பே போய்விடும்.

அடுத்தது உருவும் விதம். உறையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. இதுதான் ஆபத்து. கூர்வாய் இருக்கும் பக்கம் தோலையோ தையலையோ அறுத்துக்கொண்டு வந்தால் வழியில் இருப்பவை உங்கள் விரல்கள். நான்கு விரலால் பிடியைப் பற்றுங்கள், கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றிக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். ‘டப்’ என்று பிடி விடுபடும். அதற்குப் பிறகுதான் மேலே இழுக்க வேண்டும், அதுவும் கத்தியின் முதுகை உறையில் அழுத்தியபடி. ஒரு கையே போதும்.

திரும்பச் செருகும்போது கண்ணால் பார்த்துச் செருகுங்கள். முதுகு தோலில் உரச, கூர்வாய் எதிலும் படாமல் இறங்க வேண்டும். சினிமாவில்போல் பார்க்காமல் சொருகும் வித்தை இங்கே வேண்டாம். நல்ல உறைகளுக்குள் அலகை வாங்கிக்கொள்ள மரத்தாலான ஓர் உட்கூடு இருக்கும், லெஸ்தா என்பார்கள். கீழே விழுந்தாலும் முனை தோலைக் குத்திக்கொண்டு வெளியே வராது. வாங்கும்போது உறையின் கீழ்ப்பகுதியை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உட்கூடு இருக்கிறது. மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் இருந்தாலும் குற்றமில்லை. எதுவுமே இல்லாத வெறும் தோலுறையை நான் இடுப்பில் மாட்டமாட்டேன்.

எங்கே தொங்கவிடுவது?

வலக்கைக்காரர்கள் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். உறை பெல்ட்டில் அசையாமல் ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு வளையத்திலோ தோல்வாரிலோ தொங்கி ஆடவேண்டும். காரணம், உட்காரும்போது அசையாத உறையின் நுனி பெஞ்சில் முட்டி மேலெழும்பும், பிடி விலாவில் குத்தும், கத்தியும் அரைகுறையாக வெளியே தள்ளப்படும். நழுவிப்போன கத்திகளில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். தொங்கும் உறை, உட்கார்ந்தவுடன் தானாகப் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும்.

வேகமாக நடக்கும்போது தொடையில் தட்டுகிறதா? உறையின் நுனியைப் பின்பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

முதுகுப்பையின் இடுப்புப்பட்டையில் மாட்டும் பழக்கம் வேண்டாம். பையைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போவீர்கள், கத்தி மரத்தடியிலேயே இருக்கும். குளிர்காலத்தில் நீளமான மேலங்கி கத்தியை மூடிவிடும், அப்போது மேலங்கிக்கு மேலே தனியாக ஒரு பெல்ட் கட்டிக்கொள்வதே சுலபம்.

கூர்

பூக்கோவின் பக்கங்களில் அகலமான சரிவு ஒன்று நேராகக் கூர்வாய் வரை இறங்கும். அந்தச் சரிவுதான் உங்கள் வழிகாட்டி. சாணைக்கல்லில் அதைத் தட்டையாகப் படியவைத்துத் தேயுங்கள், கோணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 20 முதல் 25 பாகை தானாக வந்துவிடும். முதலில் 1000 எண் தண்ணீர்க் கல், பிறகு அதைவிட நைசான 3000. முடிவில், பழைய சலூன்களில் சவரக்கத்தியைத் தீட்டுவதுபோல், தோல்வாரில் முதுகுப்பக்கமாக இழுத்தால் சரி. பிளவுக்குள் விட்டு ‘சரக் சரக்’கென்று இழுக்கும் சமையலறைத் தீட்டியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது தன் கோணத்தைத் திணித்து இந்தச் சரிவைக் கெடுத்துவிடும்.

கார்பன் அலகை வேலை முடிந்ததும் துடைத்து, துளி எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போகவே கூடாது. மாதக்கணக்கில் புழங்காமல் வைப்பதானால் உறைக்கு வெளியே வையுங்கள், தோல் ஈரத்தை இழுத்துவைத்துத் துருவேற்றும்.

விறகு பிளக்கக் கோடரி இருக்கிறது. அலகின் முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கும் வீடியோக்களை நம்பி இந்தச் சின்னக் கத்தியை வதைக்க வேண்டாம். சிராய் சீவ, காளானின் மண் சுரண்ட, அஹ்வென் மீனின் வயிற்றைக் கீறக் கொடுங்கள், ஓடி ஓடி வேலை செய்யும். மக்காரா என்னும் சாசேஜ் சுடக் குச்சி சீவுவதற்கும் இதுதான், ஆனால் உயிருள்ள மரத்தில் கிளை வெட்டக் கூடாது. எல்லோரும் காட்டில் உலவலாம் என்ற உரிமையில் அது சேர்த்தியில்லை.

பின்சேர்க்கை 1: காரில் சீட் பெல்ட் மாட்டவே முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், கொக்கி விழும் இடம் சரியாக வலது இடுப்பு. பூக்கோவும் அங்கேதான் தொங்குகிறது. ஏறும் முன்பே கழற்றிப் பைக்குள் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், மறுநாள் அதே பையோடு அலுவலகம் போகப்போகிறீர்கள்.

பின்சேர்க்கை 2: இடக்கைக்காரர்களுக்கு? கடையில் தொங்கும் உறைகளில் பெரும்பாலானவை வலப்பக்கத்துக்கென்று வளைத்துத் தைத்தவை, உட்கூடும் கத்தியை ஒரே திசையில்தான் ஏற்கும். அலகைத் திருப்பிச் செருகிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கூர்வாய் தையலில் உட்காரும். கைத்தொழிலாகச் செய்பவரிடம் இடக்கை உறை என்று சொல்லிக் கேட்டால் செய்து தருவார்கள். கத்தியையும் கையோடு கொண்டுபோங்கள், அளவுக்குத் தேவைப்படும்.

பின்சேர்க்கை 3: ஊருக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு: விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் மட்டும். உறையோடு சேர்த்துத் தடித்த அட்டையில் சுற்றிக் கட்டுங்கள், பெட்டியைத் திறந்து சோதிப்பவரின் கையைக் கிழிக்காமல் இருக்கட்டும்.