சிறு படகுக்கு நங்கூரக் கயிறு: வாங்கும்போதே நடந்துவிடும் தவறுகள்

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் காற்று பலமாக வீசும் பருவங்களில் வழக்கமாக ஒரு செய்தி வரும். நங்கூரக் கயிறு அறுந்து நாட்டுப்படகுகள் கரை ஒதுங்கின, ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன என்று இருக்கும். கயிற்றில் பலம் போதவில்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். படகுக்காரரும் அடுத்த முறை கடைக்குப் போய் இன்னும் தடிமனான கயிறாகக் கேட்கிறார்.

நல்ல நிலையில் இருக்கும் 12 மி.மீ. நைலான் கயிறு அறுபட ஏறத்தாழ 3 டன் இழுப்பு வேண்டும். 28 அடி ஃபைபர் படகு ஒன்று சூறைக்காற்றில் மாட்டினால்கூட, காற்றும் அலையும் சேர்ந்து கொடுக்கும் இழுப்பு பெரும்பாலும் அதில் கால்வாசியை எட்டாது. அப்படியிருந்தும் படகு போய்விடுகிறது. கயிறு அணியத்தின் (படகின் முன்முனையின்) விளிம்பில் உரசித் தேய்ந்த இடத்தில் அறுகிறது, அல்லது முடிச்சில் அறுகிறது. பல நேரம் கயிறு முழுசாகவே இருக்க, நங்கூரம் மண்ணிலிருந்து பெயர்ந்து படகு இழுபட்டுப் போகிறது.

இழுப்பைத் தாங்குவது மட்டும் நங்கூரக் கயிற்றின் வேலை இல்லை. நங்கூரத்தின் தண்டைக் கடலடியில் கிடையாகப் படுக்கவைத்து, கொம்பு மண்ணுக்குள் இறங்கும்படி வைத்திருப்பது அதன் முதல் வேலை. அலை படகைத் தூக்கி எறியும்போது வரும் வெட்டு இழுப்பைத் தான் நீண்டு வாங்கிக்கொள்வது அடுத்த வேலை. இந்த இரண்டையும் மனதில் வைக்காமல் பலத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் மற்ற எல்லாத் தவறும் தொடங்குகிறது.

மிதக்கும் கயிற்றை வாங்குவது

கடையில் போய் நைலான் கயிறு என்று கேட்டால் எந்த பிளாஸ்டிக் கயிறையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நீலம், பச்சை, மஞ்சள் நிறங்களில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. (ஒரு வகை பாலித்தீன்) கயிறுகள். இரண்டும் தண்ணீரை விட லேசானவை, மிதக்கும். வலையின் மேல்கயிறுக்கும் மிதவை கட்டுவதற்கும் அவைதான் பொருத்தம். நங்கூரத்துக்கு ஆகாது.

காற்று ஓய்ந்து கயிறு தளரும்போது மிதக்கும் கயிறு நீர்மட்டத்துக்கு வந்து படகைச் சுற்றி வளைந்து கிடக்கும். படகுகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் விடிவதற்கு முன் கிளம்பும் அடுத்த படகின் அவுட்போர்டு விசிறியில் அது சுற்றிக்கொள்ளும். கயிறு போவதோடு அந்தப் படகின் எஞ்சினுக்கும் கேடு. நீருக்குள்ளும் அது சும்மா இருப்பதில்லை. தண்டைப் படுக்கவைக்க வேண்டிய கயிறு, தண்டை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, ஒரு வாளித் தண்ணீருக்குள் அழுத்திப் பிசையுங்கள். புரிகளுக்கு இடையில் தங்கிய காற்று குமிழியாக வெளியேறட்டும். பிறகு வாளியின் அடியில் வைத்துக் கையை எடுங்கள். நைலான் அங்கேயே கிடக்கும். மற்றது எழும்பி மேலே வந்துவிடும்.

விலையில் ஏமாறுவது இன்னொன்று. கயிறு கிலோ கணக்கில் விற்கிறார்கள். 12 மி.மீ. பாலிபுரொப்பிலீன் 100 மீட்டர் சுமார் ஆறரை கிலோ இருக்கும். அதே தடிமன் நைலான் கிட்டத்தட்ட 9 கிலோ. கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டால், கையிலிருந்த பணத்துக்கு நீளம் குறைந்திருக்கும். மீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று கேட்டு, தேவையான நீளத்தை முதலில் முடிவு செய்துகொண்டு வாங்குவதுதான் சரி.

நைலான் ஏன் என்று கேட்டால், அது நீளும் என்பதுதான் பதில். நல்ல இழுப்பு விழும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கு மேலுமோ நீண்டு, இழுப்பு விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். தேங்காய் நார்க் கயிறு புழங்கிய காலத்தில் இந்த நீட்சி தானாகவே கிடைத்தது. பாலியெஸ்டர் கயிறு மூழ்கும், வெயிலையும் தாங்கும்; ஆனால் அவ்வளவு நீளாது. அதனால் ஒவ்வொரு அலைக்கும் நங்கூரத்தை வெடுக்கென்று பிடுங்கும். நனைந்த நைலான் பத்துப் பதினைந்து சதவீதம் பலம் குறையும் என்பது உண்மைதான். மேலே சொன்ன 3 டன் கணக்கில் அதைக் கழித்தாலும் போதிய பலம் மிச்சமிருக்கிறது.

ஆழத்துக்கு மட்டும் நீளம் பார்ப்பது

படகை இழக்கவைப்பதில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். நாலு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) தண்ணீர், ஏழெட்டுப் பாகம் கயிறு விட்டால் தாராளம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அந்த அளவில் கயிறு நங்கூரத்தை வெகுவாக மேல்நோக்கியே இழுக்கும். படகு ஒவ்வொரு முறை எழும்போதும் தண்டு மேலே தூக்கப்பட்டு, கொம்பு மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நாம் கரைக்குக் கிளம்பும்போது நங்கூரத்தை எடுப்பதும் இதே முறையில்தானே? படகை நேர் மேலே கொண்டுபோய் நிமிர்த்தி இழுக்கிறோம். குட்டையான கயிறு அந்த வேலையை இரவு முழுக்கச் செய்துகொண்டிருக்கும்.

கணக்கு எளிது. கடலின் ஆழத்தை மட்டும் எடுக்காமல், கடலடியிலிருந்து கயிறு கட்டியிருக்கும் அணியம் வரை உயரத்தை எடுக்க வேண்டும். பாக் நீரிணையில் மூன்று பாகத் தண்ணீரில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் ஐந்தரை மீட்டர். நீர்மட்டத்திலிருந்து அணியம் ஒரு மீட்டர். ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறினால் இன்னும் அரை மீட்டர். மொத்தம் 7 மீட்டர். பகலில், ஆள் படகிலேயே இருக்க, காற்று லேசாக இருந்தால் இதைப் போல் ஐந்து மடங்கு: 35 மீட்டர். இரவில் விட்டுவிட்டுப் போவதானால் ஏழு மடங்கு, அதாவது 49 மீட்டர். காற்று வலுக்கும் என்று எச்சரிக்கை வந்தால் இடம் இருக்கும் அளவுக்குப் பத்து மடங்கு வரை விடலாம்.

கயிறு விறைத்து நேராக நிற்கும் நேரத்தில், மூன்று மடங்கு விட்டிருந்தால் அது கடலடியோடு ஏறத்தாழ 19 பாகை சாய்வில் நங்கூரத்தைத் தூக்கும். ஐந்து மடங்கில் பதினொன்றரை பாகை, ஏழு மடங்கில் 8 பாகை. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கிடைக்கும் லாபம் பெரியது. ஏழுக்கு மேல் போனால் லாபம் மெல்லக் குறையும். எனவே கையில் காசு குறைவாக இருந்தால் தடிமனில் ஒரு படி இறங்கி நீளத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக் கரையில் ஓதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அதனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் பலருக்கு அடிபடுவதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் தொழிலுக்குப் போகிறவர்கள் இந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பாவ்நகர் பக்கம் ஓத வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டும். வற்றத்தில் அளந்து விட்ட கயிறு ஏற்றத்தில் ஒன்றுக்கும் உதவாது.

நீண்ட கயிறு விட்டால் படகு பெரிய வட்டம் அடிக்கும், பக்கத்துப் படகில் மோதும் என்பார்கள். நியாயமான கவலை. அதற்குத் தீர்வு கயிற்றைக் குறைப்பதில் இல்லை. அந்த இடத்தில் நிற்கும் எல்லோரும் ஒரே அளவில் விடுவதிலும், இடைவெளி விட்டு நிற்பதிலும் இருக்கிறது. ஒருவர் 20 மீட்டரும் அடுத்தவர் 50 மீட்டரும் விட்டால் காற்று திரும்பும்போது மோதல் நிச்சயம். எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று இருட்டிலும் தெரிய, 10 மீட்டருக்கு ஒரு தடவை புரிகளுக்கு இடையே கெட்டி நூலைக் கோத்துவிடுங்கள். பத்துக்கு ஒன்று, இருபதுக்கு இரண்டு என்று கையாலேயே எண்ணலாம்.

தடிமன்

படகின் நீளம் 9 அடிக்கு அரைக்கால் அங்குலம் என்ற கணக்கு பல நாடுகளிலும் புழக்கத்தில் உள்ளது. 27 அடிப் படகுக்கு அது 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. தினமும் தொழிலுக்குப் போகும் படகுக்கு 12 மி.மீ. வைத்துக்கொள்ளலாம், கைக்கும் பிடிப்பாக இருக்கும். 18, 20 மி.மீ. என்று போனால் சிறு படகின் இழுப்பு அதை நீட்டவே போதாது. நைலான் வாங்கியதன் பயனே போய்விடும்.

சங்கிலி இல்லாமல் கட்டுவது

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் கொஞ்சம் சங்கிலி இருந்தே ஆக வேண்டும். துத்தநாகம் பூசிய 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. படகின் நீளத்துக்குச் சமமாகச் சங்கிலி வேண்டும் என்பது பொது விதி. கையாலேயே இழுத்தெடுக்கும் படகில் அது பாரம்தான். அப்படியென்றால் 4 அல்லது 5 மீட்டராவது போடுங்கள். அந்த எடை தண்டைத் தரையோடு அழுத்தி வைக்கும். பாறையிலும் சிப்பி ஓட்டிலும் உரசுவதைக் கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலி வாங்கிக்கொள்ளும். இணைக்கும் ஷேக்கிளின் (ஆணி போட்டு மூடும் இரும்புக் கொக்கியின்) ஆணியைக் கம்பியால் சுற்றிக் கட்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் படகின் ஆட்டத்தில் அது தானாகவே கழன்றுகொள்ளும்.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை மேல் மட்டும் நங்கூரம் போடக்கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள தீவுப் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். மீன் அடைவது அந்தப் பாரில்தான் (கடலடிப் பாறைத் திட்டில்தான்); சங்கிலி அதைத் தேய்த்து நொறுக்கிவிடும். பார் தாண்டி மணல் திட்டு பார்த்து இறக்கினால் நங்கூரமும் நன்றாகப் பிடிக்கும்.

முடிச்சும் விளிம்பும்

முடிச்சு போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் பாதியை இழக்கக்கூடும். முப்புரிக் கயிறு வாங்கினால், நுனியில் புரிகளைப் பிரித்துத் திரும்பக் கோத்துக் கண் பின்னிவிடலாம். பலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தக் கண்ணுக்குள் இரும்புத் திம்பிள் (கயிறு பதியும் பள்ளமுள்ள வளையம்) வைத்துப் பின்னினால் ஷேக்கிள் கயிற்றை அறுக்காது. கண் பின்னத் தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்டால் உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள்.

அணியத்து விளிம்பில்தான் அதிகக் கயிறுகள் சாகின்றன. நைலான் நீண்டு சுருங்கும்போதெல்லாம் அதே இரண்டு அங்குலம் ஃபைபர் விளிம்பில் முன்னும் பின்னும் அறுபடும். பழைய தோட்டத்து ஓஸ் பைப்பில் முக்கால் மீட்டர் வெட்டி, நீளவாக்கில் கீறி, உரசும் இடத்தில் மாட்டி இரண்டு முனையையும் கட்டிவிடுங்கள். இரவில் ஒருமுறை எழுந்து ஒரு முழம் கூடுதலாக விட்டால் உரசும் இடமும் மாறும்.

கயிற்றின் படகுப் பக்கத்து முனையை, நங்கூரத்தை வீசுவதற்கு முன்பே படகில் கட்டிவிட வேண்டும். நங்கூரம் போட்டபின் கட்டும் இடம் அணியம்தான். எஞ்சின் இருக்கும் பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறிப் படகு நிறைந்துவிடும்.

பழைய கயிற்றைப் பார்க்கும்போது வெளியே மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு கையாலும் எதிர்த் திசையில் முறுக்கிப் புரிகளைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் மணல் உள்ளே புகுந்து நார்களை அறுத்துக்கொண்டிருக்கிறது. புரிகள் விறைத்து, திறக்கவே மறுத்தாலும் அதன் நீட்சி போய்விட்டது. அப்படிப்பட்ட கயிறைக் கூடை கட்டவும் படகைக் கரையில் இழுக்கவும் வைத்துக்கொள்ளலாம். நங்கூரத்துக்குப் புதுசு வாங்கி, மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் சாக்கு போட்டு மூடி வையுங்கள். முடிந்தால் அதே அளவில் இன்னொரு சுருளும் படகில் இருக்கட்டும். இருபது பாகத் தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் ஒரு சுருள் எட்டாது.