ஞாயித்துக்கிழமை தொட்டி கழுவுற பழக்கத்த முதல்ல விடுங்க

நாங்க முதல் தடவ மீன் வாங்கினப்ப சென்னையில வளர்ப்பு மீன் கடைங்க இருக்கற கொளத்தூர் போயி ஒன்றரை அடி தொட்டி, ஆறு கோல்டு ஃபிஷ், கலர் கல்லு, பிளாஸ்டிக் செடின்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்து, அன்னிக்கே தண்ணி ஊத்தி அன்னிக்கே மீனையும் விட்டுட்டோம். மூணாம் நாள் தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி மங்கலாச்சு. ஐயோ அழுக்காயிடுச்சேன்னு மொத்தத்தையும் கொட்டி, கல்ல தேய்ச்சு, ஃபில்டர்ல இருக்கற ஸ்பாஞ்ச குழாயடியில பிழிஞ்சு பளிச்சுன்னு கழுவி, புது தண்ணி புடிச்சு வெச்சோம். எட்டாம் நாள் ஒரு மீன் கூட இல்ல. என் பொண்ணு ரெண்டு நாள் அந்த பக்கமே போகல. அதனாலதான் இத இவ்ளோ விவரமா எழுதறேன், இன்னொரு வீட்டு குழந்தைக்கு அது நடக்க வேணாம்.

அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியா அம்மோனியாவ வெளிய விடும், போட்ட தீனி மிச்சமாகி அழுகினாலும் அம்மோனியாதான். அது கண்ணுக்கு தெரியாது, தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் உள்ள விஷமா இருக்கலாம். குளத்துல, ஆத்துல இத தின்னு செரிக்கறதுக்குன்னே பாக்டீரியா இருக்கு, ஒரு வகை அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் ஓரளவுக்கு பரவாயில்ல, தண்ணி மாத்தினா போயிடும். இந்த பாக்டீரியா புது தொட்டில தானா வந்து குடியேற நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுங்க தண்ணில மிதந்துட்டு இருக்கறது கம்மி, ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லு மேலயும்தான் ஒட்டிட்டு இருக்கும். நாம அந்த ஸ்பாஞ்ச குளோரின் தண்ணில பிழியறப்ப தொட்டியோட உயிரையே பிழிஞ்சு சாக்கடையில விடறோம்.

அதனால வாரா வாரம் மொத்தமா கழுவாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவ கால் பங்கு தண்ணிய மட்டும் ட்யூப் வெச்சு அடியில இருந்து உறிஞ்சி எடுங்க, கல்லுக்கு நடுவுல இருக்கற கழிவு அதோடயே வந்துடும். ஸ்பாஞ்ச் ரொம்ப அடைச்சிருந்தா அந்த எடுத்த தண்ணிலயே ரெண்டு தடவ அலசி திரும்ப மாட்டிடுங்க, பார்க்க பழுப்பா இருந்தா இருக்கட்டும். புதுசா தொட்டி வெக்கறவங்க ஏற்கனவே நல்லா மீன் வளர்க்கற ஃபிரெண்டு வீட்ல இருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேட்டு வாங்கி, காய விடாம கொண்டுவந்து உங்க ஃபில்டர்ல வெச்சுக்கிட்டா அந்த ஆறு வாரம் நல்லாவே குறையும். அப்பவும் மொதல்ல ரெண்டு மூணு சின்ன மீனோட ஆரம்பிங்க, ஒரே நாள்ல தொட்டிய ரொப்பாதீங்க.

இதே கணக்குதான் ராத்திரி ஃபில்டர ஆஃப் பண்றதுக்கும். சத்தம் வருது, கரண்ட் பில் ஏறும்னு நிறைய வீட்ல அணைச்சிடறாங்க. ஆனா அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும், ஓட்டம் நின்னா சில மணி நேரத்துல சாக ஆரம்பிச்சிடும். சின்ன மோட்டார் அஞ்சு வாட்ஸ்னு வெச்சுக்கங்க, ராத்திரி பகலா ஒரு மாசம் ஓடினாலும் நாலு யூனிட் கூட வராது.

அடுத்தது தீனி. இத சொன்னா பலருக்கு கோவம் வருது, ஆனா பட்டினியால சாகற மீன விட தீனியால சாகற மீன்தான் ஜாஸ்தி. மீனோட வயிறு ரொம்ப சின்னது, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு போட்டா போதும், ஒரு நாளைக்கு ஒண்ணு இல்ல ரெண்டு வேள. நாம பக்கத்துல போனாலே முன்னாடி ஓடி வந்து வாய வாய தொறக்கும்தான், அது பசி இல்ல, பழக்கம். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்கு போறீங்கன்னா சும்மா விட்டுட்டு போங்க, வளர்ந்த மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்து வீட்டு பையன்கிட்ட டப்பாவ குடுத்துட்டு போனா அவன் பாசத்துல பாதி டப்பாவ கொட்டிடுவான்.

தண்ணி விஷயத்துல ஊருக்கு ஊரு நிலைமை வேற. மெட்ரோ தண்ணி, நகராட்சி தண்ணின்னா குளோரின் இருக்கும், வாய் அகலமான பக்கெட்டுல ஒரு நாள் தொறந்து வெச்சு காத்து மோட்டார் ஓட விடுங்க, அவசரம்னா கடையில ஆன்டி குளோரின் கிடைக்கும். போர் தண்ணில குளோரின் இல்ல ஆனா பூமிக்கடியில இருந்து அப்பதான் வந்த தண்ணில ஆக்சிஜன் கம்மி, அதையும் ஒரு நாள் காத்து விட்டுட்டு ஊத்துங்க. உப்பு தண்ணி ஏரியான்னு கவலப்படாதீங்க, மோலி, கப்பி, பிளாட்டின்னு மூணு வகை மீனும் அந்த மாதிரி தாது உப்பு ஜாஸ்தியா இருக்கற கடின தண்ணிலதான் நல்லா இருக்கும், நியான் டெட்ராதான் அதுல தாங்காது. பாவமேன்னு கேன் தண்ணி மட்டுமே ஊத்தறதும் தப்பு, அதுல தாது உப்பு ரொம்ப குறைஞ்சு போயிருக்கறதால பிஹெச், அதாவது தண்ணியோட அமில கார அளவு, நிலையா நிக்காம சட்டுன்னு எறங்கிடும்.

இடம். நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வந்துடும், எங்க முதல் தொட்டி 45, 30, 30, அதாவது சுமார் 40 லிட்டர். ஒரு கோல்டு ஃபிஷ் அரை அடிக்கு மேல வளரும், நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல இருக்கும், அந்த 40 லிட்டர் ஒரு மீனுக்கே பத்தாது, நாங்க ஆறு விட்டிருந்தோம். உருண்டை கண்ணாடி பவுல்ல கோல்டு ஃபிஷ் வெக்கறது அத மெல்ல மெல்ல கொல்றதுதான், வேற எப்படியும் எனக்கு சொல்ல தெரியல. ஃபைட்டர் மீன் தண்ணிக்கு மேல வந்து காத்த குடிச்சு மூச்சு விடும்ங்கறதால அத ஜாம் பாட்டில்ல வெக்கலாம்னு விக்கறாங்க, காத்து குடிச்சாலும் அம்மோனியா அதையும் எரிக்கும். ஒரு ஃபைட்டருக்கு 15, 20 லிட்டராவது குடுங்க, ரெண்டு ஆண ஒண்ணா விடாதீங்க.

மே மாசம் தனி கதை. தண்ணி சூடாக சூடாக அதுல கரையற ஆக்சிஜன் குறையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கிட்ட இருக்கறது 30 டிகிரில ஏழரைக்கு வந்துடும், மீனுக்கோ சூட்டுல இன்னும் அதிகமா மூச்சு வாங்கும். கரண்ட் போச்சுன்னா ஃபில்டரும் காத்து மோட்டாரும் நிக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க, ஐஸ் கட்டிய தொட்டில போடாதீங்க, சட்டுன்னு குளிர்ந்தா உடம்பு மேல ரவை தூவின மாதிரி வெள்ளப் புள்ளி நோய் வந்து நிக்கும். மீன் மேல வந்து வாய பொளந்து மூச்சு வாங்கினா உடனே மருந்த ஊத்த ஓடாதீங்க, ஒரு நாள் வெச்சிருந்த தண்ணிய எடுத்து மூணுல ஒரு பங்கு மாத்துங்க, காத்த கூட்டுங்க, அன்னிக்கு தீனிய நிறுத்துங்க. மெத்திலீன் புளூ, கேப்ஸ்யூல் பொடி எல்லாம் தொட்டில நேரா கொட்டினா ஃபில்டர் பாக்டீரியாவும் சேந்து சாகும், மருந்து குடுக்கணும்னா தனி பக்கெட்டுல வெச்சு குடுங்க.

கடைசியா ஒண்ணு, டேங்க் கிளீனர்னு சொல்லி விக்கற சக்கர் மீன். விரல் நீளத்துல இருக்கும்போது அழகா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், வளர்ந்தா ஒன்றரை அடி வரைக்கும் போகும், சின்ன தொட்டில அது தின்ற பாசிய விட போடற கழிவு ஜாஸ்தி. அப்புறம் வெக்க இடமில்லன்னு கொண்டுபோய் ஏரில விட்டுடறாங்க. தென் அமெரிக்கால இருந்து வந்த மீன் அது, நம்ம ஏரி குளத்துல பெருகி நம்ம ஊரு மீனோட எடத்த புடிச்சுக்கிட்டு இருக்கு, மேல் தோலு முள்ளா இருக்கறதால மீன் புடிக்கறவங்க வலையையும் கிழிச்சிடுது. வேண்டாம்னு ஆயிடுச்சுன்னா திரும்ப கடையிலயே குடுங்க, காசு தரலன்னாலும் பரவாயில்ல.