எந்தக் கடையில் கேட்பது? டிபென்டென்சி பிழை வந்தால் செய்யும் தவறுகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் என் அக்கா மகன் ஜெராக்ஸ், ஸ்கேன் கடை வைத்திருக்கிறான். பழைய கோயில் மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள் எல்லாவற்றையும் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். அதற்காக உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) கணினியில், ஸ்கேன் பிடிஎஃப்பில் தேடக்கூடிய எழுத்தைச் சேர்க்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கட்டளைவரிக் கருவியைப் போட்டான். "மாமா, இப்பத்தான் போட்டேன், அதுக்குள்ள டெசராக்ட் இல்லங்குது" என்று போன். டெசராக்ட் என்பது படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரல். இப்படி ஒரு நிரல் ஓடுவதற்குத் தேவைப்படும் இன்னொரு நிரலோ நூலகமோதான் டிபென்டென்சி. நான் போய்ச் சேர்வதற்குள், செய்யக்கூடாததில் பாதியைச் செய்து முடித்திருந்தான்.

முதல் தவறு, பொருளைத் தப்பான கடையில் கேட்டது. அவன் கருவியைப் போட்டது பிப் வழியாக. பிப் என்பது பைத்தான் மொழிக்கான நிறுவி; அது கொண்டுவருவது பைத்தான் பொதிகளை (நிறுவத் தயாரான நிரல் தொகுப்புகளை). டெசராக்ட்டோ சி++ மொழியில் எழுதிய தனி நிரல். அதை உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட்டிடம்தான் கேட்க வேண்டும். இவன் பிப்பிடமே போய் பைடெசராக்ட்டை வாங்கி வந்திருந்தான். அது பைத்தானிலிருந்து டெசராக்ட்டைக் கூப்பிடும் பாலம் மட்டும்தான். பாலம் இருக்கிறது, அக்கரையில் ஊர் இல்லை! டெசராக்ட்-ஓசிஆர், பிடிஎஃப்பைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டையும் ஆப்ட் வழியாகப் போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அதைவிட எளிது, ஓசிஆர்மைபிடிஎஃப்பையே ஆப்ட்டில் வாங்குவது. பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கலாம்; ஆனால் தேவையான துணைகளைத் தானே கூட்டி வந்துவிடும்.

கடை சரியாக இருந்தாலும் பெயர் மாறும். பைத்தான் 'சிவி2 இல்லை' என்றால் வாங்க வேண்டிய பொதி ஓபன்சிவி-பைத்தான். 'யாமல்' என்றால் பைஒய்ஏஎம்எல், 'பிஐஎல்' என்றால் பில்லோ. பிழையில் கண்ட பெயரை அப்படியே பிப்புக்குத் தட்டாதீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் பொதியை ஏற்றலாம். பிரபலப் பெயர் போலவே பெயர் வைத்து விஷமப் பொதிகளை ஏற்றியவர்களும் உண்டு. கருவியின் ஆவணத்தில் நிறுவும் பகுதியைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

அவன் பிப்பை ஓட்டியபோதே கணினி ஒரு தடவை தடுத்திருக்கிறது. டெபியன் 12 (உபுண்டுவின் தாய்த் தளம்), உபுண்டு 23.04 முதல், 'இந்தப் பைத்தானை நிர்வகிப்பது இயங்குதளம், நீ கை வைக்காதே' என்று பிப் மறுத்துவிடும். அதை மீற ஒரு தேர்வு உண்டு: பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். உடைப்பேன் என்று பெயரிலேயே சொல்கிறது. அவன் கேட்கவில்லை, முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவையும் போட்டிருக்கிறான். இயங்குதளத்தின் சொந்த நிரல்கள் பல அதே பைத்தானை நம்பியிருக்கின்றன. பிப்எக்ஸ் போட்டு, அதன் வழியாகக் கருவியை நிறுவினால் ஒவ்வொன்றும் தன் தனி அறையில் இருக்கும். அதன் பிறகு 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால் அது டிபென்டென்சி குறையே இல்லை, பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) பிரச்சினை. பிப்எக்ஸ் என்ஷூர்பாத் கொடுத்து, டெர்மினலை மூடித் திறந்தால் சரி.

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 (ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் கோப்பு) காணோம் என்ற பிழையைப் பலர் பார்த்திருப்பீர்கள். உபுண்டு 22.04 ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியதிலிருந்து, பழைய பதிப்புக்கென்று கட்டிய நிரல்கள் இப்படிப் புலம்பும். உடனே .3 கோப்புக்கு 1.1 என்று ஒரு சிம்லிங்க் (வேறு பெயரில் அதே கோப்பைக் காட்டும் குறுக்குவழி) போட்டுவிடுவார்கள். வேறு வண்டியின் உதிரிபாகத்தில் நம் வண்டியின் லேபிளை ஒட்டுவது போலத்தான் இது. உள்ளே இருக்கும் செயல்களின் பதிப்புக் குறியீடே வேறு என்பதால் ஓடாது. முகம் தெரியாத தளத்திலிருந்து அந்தக் கோப்பை இறக்கிப் போடுவது இதைவிட மோசம். உங்கள் உபுண்டு பதிப்புக்கென்று கட்டிய நிரலைத் தேடுங்கள். எந்தெந்த நூலகம் குறைகிறது என்று எல்டிடி கட்டளை காட்டும்; நம்பிக்கையில்லாத கோப்பின் மேல் மட்டும் அதை ஓட்டாதீர்கள், சில சமயம் அது கோப்பையே இயக்கிவிடும்.

இறக்கிய டெப் கோப்பை (உபுண்டுப் பொதியை) டிபிகேஜி -ஐ என்ற கட்டளை கொண்டு போட்டால் துணைப் பொதிகள் வராது. ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்து, கோப்பின் பெயருக்கு முன் ./ சேர்த்தால் வரும்.

அப்புறம் கரண்ட். யுபிஎஸ் இல்லாத கடையில் பாதி நிறுவலில் மின்சாரம் போனால், மறுபடி ஆப்ட் ஓடாமல் முரண்டு பிடிக்கும். சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். 'லாக் (ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுக்கும் பூட்டு) வேறொருவரிடம் இருக்கிறது' என்பது வேறு விஷயம். பெரும்பாலும் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். லாக் கோப்பை அழிக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் சரியாகி, கருவி முணுமுணுக்காமல் ஓடியது. பிடிஎஃப்பில் 'மீனாட்சி' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. எழுத்தை நகலெடுத்துப் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. மொழி சொல்லாவிட்டால் கருவி ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும்; தமிழுக்கான தரவு டெசராக்ட்-ஓசிஆர்-டாம் என்ற தனிப் பொதியில் இருக்கிறது. அதைப் போட்டு, கட்டளையில் -எல் டாம்+எங் சேர்த்து மறுபடி ஓட்டினோம். முதல் பக்கத்திலேயே மீனாட்சி அகப்பட்டாள்.